எட்டு எழுத்துக்குள்

கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்ததும் அழகுமலை முதலில் செய்வது ஒன்றுதான். திரையில் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்துவான். வலது பொத்தானை அழுத்துவான். விரிகிற சின்னப் பட்டியலில் 'ரெஃப்ரெஷ்' என்பதன்மேல் ஒரு தட்டு. படங்களெல்லாம் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வரும், தூங்கும் குழந்தை இமையை அசைத்ததுபோல. மறுபடி ஒருமுறை தட்டுவான். பிறகு மறுபடியும். இதனால் கம்ப்யூட்டருக்கு ஒரு நன்மையும் கிடையாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவனும் நன்மைக்காகச் செய்வதில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நாலடி தள்ளி நிற்பவனைப்போல, விரலை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பான்.

அவன் பார்ப்பது TEST என்ற ஒரு ஃபோல்டரை. அதற்குள் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கும். அதன் பெயர் மாறியிருக்கிறதா என்பதுதான் அவன் வேலை தொடங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது.

அழகுமலை எம்பிராய்டரிக்குப் 'பஞ்சிங்' போடுகிறவன். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஒரு பட்டாம்பூச்சிப் படம் அனுப்புவான். அதைத் துணிமேல் தைக்க ஊசி எங்கே விழ வேண்டும், எங்கே எழ வேண்டும், எந்தப் பக்கமாகச் சாய வேண்டும் என்று தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் குறித்துக் கொடுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் திருப்பூருக்கு வந்து, செக்கிங் செக்‌ஷனில் பனியன் மடித்துக்கொண்டிருந்தவன். அட்டைப்பெட்டி மூடிகளில் படம் வரைந்துகொண்டே இருப்பான் என்பதற்காக ஒரு முதலாளி கூட்டிக்கொண்டு போய் மானிட்டர் முன்னால் உட்கார வைத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். இப்போது நாற்பதுக்குப் பக்கம். அவன் வரைந்த யானைகளும் ரயில் வண்டிகளும் பெயர் தெரியாத நாடுகளில் பெயர் தெரியாத குழந்தைகளின் நெஞ்சில் ஏறிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட உடுத்திப் பார்க்க அவனுக்கு ஒரு பிள்ளை இல்லை.

கல்யாணம் ஒருமுறை கூடி வந்தது. பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்க்க வந்தார். பிச்சம்பாளையத்தில், வேலை கொடுக்கிற மயில்சாமியின் வீட்டு மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மத்த ஆளுகளெல்லாம்?" என்றார்.

"நான் மட்டுந்தேன்" என்றான் அழகுமலை.

"அப்ப எங்க புள்ள பகல் பூரா யாருகூடப்பா பேசும்?" என்று கேட்டார் அவர். கேலியாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார். பெண் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

மயில்சாமியின் வீட்டுக்குப் பின்பக்கம் அவருடைய எம்பிராய்டரி ஷெட் இருந்தது. ஒரே மெஷின், ஆனால் வரிசையாகப் பல தலைகள் வைத்த பெரிய மெஷின். அது ஓடத் தொடங்கினால் மாடியில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அழகுமலை மாடியில் போடுகிற டிசைன் கீழே ஷெட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஃபிளாப்பியில் ஏற்றி மெஷினுக்குள் செருகுவார்கள். இதற்காக ஒவ்வொரு தடவையும் படியேறி இறங்க வேண்டாமென்று மெஷின் கம்பெனிக்காரர்கள் யோசனை சொல்லி, மயில்சாமி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கினார். வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, இன்டர்நெட் மோடத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. மேலேயும் கீழேயும் வயர் போனது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒரு பரண் அது. இவன் ஏறி வைப்பதை அவர்கள் ஏறி எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் அதைப் 'பெட்டி' என்றே சொன்னார்கள்.

கீழே அந்தப் பரணைத் திறக்கிறவள் மெஷின் ஆபரேட்டர் மைதிலி. வெள்ளகோவில்காரி. முப்பதைத் தாண்டியவள், புருஷனோடு இல்லை, லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். இவ்வளவுதான் அழகுமலைக்குத் தெரியும். இதுவும் மயில்சாமி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. மெஷின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்திருப்பாள். தலைமுடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிற நூல் துணுக்கு ஒட்டியிருக்கும், அன்றன்றைக்கு ஓடுகிற டிசைனின் நிறத்தில். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "வாங்க" என்பாள். "ம்" என்பான் இவன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கே ஷெட்டில் பிரேம் மாட்டுகிற கன்னையன் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

பேச்சு வேறு விதமாகத் தொடங்கியது.

அந்த மெஷின் பழைய காலத்து மெஷின். டிசைனின் பெயர் எட்டு எழுத்துக்கு மேலே போனால் வாங்காது. இங்கிலீஷ் எழுத்தில் எட்டு. அதனால் பஞ்சிங் போடுகிறவர்கள் எல்லோரும் எட்டுக்குள் பெயர் வைத்துப் பழகியிருந்தார்கள். சாம்பிள் தைத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் ஆபரேட்டர் பெயரை OK என்று மாற்றி வைப்பது வழக்கம். ஒருநாள் அழகுமலை போட்ட சிங்கத்தின் பிடரி சரியாக வரவில்லை. கீழே நூல் அறுந்துகொண்டே இருந்தது. படியேறி வந்து சொல்வதற்குப் பதிலாக மைதிலி அந்த ஃபைலின் பெயரையே NOOLARUD என்று மாற்றி வைத்தாள். 'நூல் அறுது' என்பதற்கு எட்டு எழுத்துக்குள் அவ்வளவுதான் இடம். அழகுமலை சிரித்துக்கொண்டே தையலைத் தளர்த்திப் போட்டு, IPOPAARU என்று பெயர் வைத்தான். கொஞ்ச நேரத்தில் PARTHENG என்று வந்தது. 'பார்த்தேங்க' என்று எழுதப் பார்த்து, கடைசி எழுத்து எட்டைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டது. தெற்கத்திக்காரனாக இருந்தால் 'பார்த்தேன்' என்று முடித்திருப்பான், எழுத்தும் மிஞ்சியிருக்கும். இவள் இருக்கிற எட்டு எழுத்தில் இரண்டை மரியாதைக்குக் கொடுக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அன்று சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்தது.

பிறகு இதற்கென்றே அவன் ஒரு டிசைன் போட்டான். ஒரே ஒரு தையல். துணியில் தைத்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதை TEST என்ற ஃபோல்டரில் தனியாக வைத்தான். தைப்பதற்கு இல்லை, பெயர் வைப்பதற்கு. கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானம் அதற்கு SAPTACHA என்று பெயர் வைத்துவிட்டு, அசட்டுத்தனம் செய்துவிட்டோமோ என்று உட்கார்ந்திருந்தான். ரெஃப்ரெஷ் செய்தான். SAPTENGA. ரெஃப்ரெஷ். NEENGA.

அப்படியே நடந்தது. ஒரே ஃபைல் என்பதால் புதுப் பெயர் வைத்ததும் பழைய பெயர் போய்விடும். என்ன பேசினார்கள் என்பதற்கு எங்கேயும் தடயம் இருக்காது. பெயரை மாற்றினால் ஃபைலின் தேதிகூட மாறாது. மழை வந்தால் MAZHAI. கரண்ட் போய் வந்தால் POWERCUT. உடம்பு சரியில்லையா என்றால் ILLEENGA. எட்டு எழுத்துக்குள் எதையும் மறைக்க முடியாது, எதையும் முழுதாகச் சொல்லவும் முடியாது. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. எழுத்துக்குக் கணக்கில்லாத இடத்தில், படிக்கட்டில், அவர்களுக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குத் திருப்பூர் எப்போதும்போலக் காலியானது. தெற்கே போகிற பஸ்களில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து எல்லோரும் போய்விட்டார்கள். அழகுமலை போகவில்லை. அம்மா போன பிறகு ஊரில் அவனுக்காகக் காத்திருக்கிற வீடு என்று ஒன்றில்லை. அண்ணன் வீடு உண்டு, அது அண்ணன் வீடு. தீபாவளி நோம்பிக்கு மறுநாள் வெறுமனே ரெஃப்ரெஷ் செய்து பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். OORUKKU என்றிருந்தது. மெஷினுக்கு சர்வீஸ் ஆள் வருவதால் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். அவன் POGALA என்று வைத்தான். பிறகு NEENGA. கொஞ்சம் தாமதித்து POGALEEN என்று வந்தது. மெஷின் ஓடாத வீடு. தெருவில் எரிந்த வெடியின் காகிதம் மட்டும் காற்றில் புரண்டுகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய ஊரில் மேலே ஒருவனும் கீழே ஒருத்தியும் போக இடமில்லாமல் இருக்கிறோம் என்று அவன் நினைத்தான். அதற்குமேல் என்ன எழுதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவளும் எழுதவில்லை.

எழுத வேண்டியதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அடுத்த வாரம் முழுக்க ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்த ஒற்றைத் தையலின் பெயரை KALYANAM என்று மாற்றினான். எண்ணிப் பார்த்தான், எட்டு. கடைசியில் ஒரு கேள்விக்குறி போடப் போனான். ஃபைல் பெயரில் அந்தக் குறியெல்லாம் வராது என்று கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தைக் காட்டிக் கண்டித்தது. எப்படியும் அதற்கு இடமில்லை. அப்படியே விட்டான். காலையில் வந்து பார்ப்பாள். பார்த்தால் புரியும். இதைவிட இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அன்று பொழுது சாய்ந்ததும் இடி இறங்கியது. போன் வயர் வழியாக வந்து மோடத்தைப் பொசுக்கிவிட்டது. ஹாலில் பிளாஸ்டிக் கருகிய வாசம். பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல மினுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே மயில்சாமி புது மோடம் வாங்கி வந்துவிட்டார். கம்பியில்லாமலும் வேலை செய்யும், கொம்பு வைத்தது. அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து அவரே மாட்டினார். இன்டர்நெட் வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தயா அழகு? ஆளே கூப்புடல. நம்ம கையி பட்டாப் போதும், எல்லாம் ஓடும்."

அழகுமலை மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தான். ரெஃப்ரெஷ் செய்தான். பெட்டி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட்டால், அப்படி ஒரு பாதையே இல்லை என்றது. மறுபடி ரெஃப்ரெஷ். மறுபடி. கீழே இறங்கிப் போய் வயரைப் பிடுங்கிச் செருகினான். பெட்டியில் காது வைத்துக் கேட்டான். உள்ளே சுற்றுகிறது. திரும்ப மேலே வந்தான். பெருக்கல் குறி.

"பெட்டி வரலீங்க" என்றான் மயில்சாமியிடம். அவரோடு பேசும்போது அவன் பேச்சில் ஊர்க்காரர்களின் 'ங்க' ஒட்டிக்கொள்ளும்.

"நெட்டு வருதா?"

"நெட்டு வருதுங்க. பெட்டிதான் வரல."

"அப்பறமென்னப்பா, கீழ மெஷினு ஓடீட்டுத்தான் இருக்குது. ஒரே லோகோ, ஒரு வாரத்துக்கு ஓடும். உனக்கு அவசரமுன்னா ஃபிளாப்பில போட்டு எங்கிட்டக் குடு, நாங் கொண்டுபோயிக் குடுக்கறேன்."

மெஷின் ஓடுவது அழகுமலைக்கும் கேட்டது. டம்ளர் நடுங்கியது. ஏற்கெனவே ஃபிளாப்பியில் ஏற்றிய லோகோவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தனக்கு வராத பெட்டி கீழேயும் வராது என்பதில் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை. அப்படியானால் அவள் அந்தப் பெயரைப் பார்த்திருக்கவே மாட்டாள். நினைத்ததும் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம் அந்த நிம்மதிமேல் கோபம் வந்தது.

ஃபிளாப்பியில் ஒரு பெயர் வைத்து அனுப்பலாமா என்று யோசித்தான். ஃபிளாப்பி மயில்சாமி கைக்குப் போய், கன்னையன் கைக்குப் போய், பிறகுதான் அவளிடம் போகும். கன்னையனுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும். வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

மோடம் விற்ற கடைக்குப் போன் செய்தான்.

"பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க. குண்டூசிய உட்டு அமுத்திப் புடிச்சுக்கோங்க. புதுசு மாதிரி ஆயிரும்" என்றார்கள்.

"உள்ள இருக்கறது போயிராதுங்களா?"

"போனாலும் போவும். போவாமயும் இருக்கும்."

டிசைன்களைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. முக்கியமானதெல்லாம் சிடியில் இருந்தது. அவனுக்குப் பயம் அந்த ஒற்றைத் தையலைப் பற்றித்தான். யானைகளும் ரயில்களும் திரும்பக் கிடைத்துவிடும், கேட்ட கேள்வி கேட்கப்படாமலே போய்விடும். திரும்ப ஒருமுறை அதைக் கேட்கிற தைரியம் தனக்கு வராதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குண்டூசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

ஞாயிறு போனது. திங்கள் போனது. திங்கட்கிழமை மத்தியானம் படிக்கட்டில் மைதிலி எதிரே வந்தாள். ஷெட்டின் வாசலிலேயே கன்னையன் நின்றுகொண்டிருந்தான். அவள் "வாங்க" என்றாள். அதோடு போகாமல் ஒரு படி நின்றாள். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. அழகுமலை "ம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பெட்டி ரிப்பேர் என்பதையாவது சொல்லியிருக்கலாம். தெருமுனை போன பிறகுதான் தோன்றியது. சரி, அவளுக்கும்தானே வரவில்லை, தெரியாமலா இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டான்.

கம்ப்யூட்டர் கடை அருண்பாண்டி வாரக் கடைசியில்தான் வந்தான். தேனிப் பக்கத்துப் பையன். வாய் ஓயாது.

"என்னண்ணே, உங்க முகத்தப் பாத்தா ஹார்ட் டிஸ்க்கு போன மாதிரி தெரியலயே, ஆளே போன மாதிரி இருக்கு."

"வேலையப் பாருப்பா."

அருண்பாண்டி கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினான். எண்கள் வந்தன. கீழே போய்ப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். மேலே வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"பெட்டி செத்துப்போகலண்ணே. நல்லாத்தேன் இருக்கு. நீங்கதேன் வேற தெருவுக்குக் குடி போயிட்டீக."

"என்ன தெரு?"

"மோடம்தேன் எல்லாருக்கும் கதவு நம்பர் குடுக்கும். பழைய மோடம் ஒண்ணாம் தெருன்னு குடுத்துச்சு. புதுசு சைபர் தெருன்னு குடுக்குது. உங்க கம்ப்யூட்டரு குடுத்த நம்பர வாங்கிக்கிட்டு சமத்தா அங்கிட்டுப் போயிருச்சு. பெட்டிக்கு எவனோ கையால நம்பர் எழுதி வச்சிருக்கான். அது பழைய தெருவுலயே உக்காந்திருக்கு. ரெண்டும் ஒரே வயர்லதேன் தொங்குது. ஆனா இங்கன இருந்து கூப்பிட்டா அங்கன கேக்காது."

"அப்ப ஓட்டையில குத்தியிருந்தா?"

"குத்தினீகளா?"

"இல்ல."

"பொழச்சீக. இப்பப் புது மோடத்தப் பழைய தெருவுக்கு மாத்தி விடுறேன். எல்லாரும் ஒரே தெருவுக்கு வந்துருவீக." அவன் ஒரு எண்ணை மாற்றினான். ஒரே ஒரு எண். பிறகு எதையோ பார்த்துவிட்டுச் சொன்னான்: "கீழ ஷெட்டு கம்ப்யூட்டருக்கும் அதே ஆளு கையாலதேன் நம்பர் போட்டிருக்கான்ணே. அது எங்கிட்டும் போகல. பழைய தெருவுலயேதேன் இருந்திருக்கு."

"அப்படின்னா?"

"அவுகளுக்குப் பெட்டி ஒரு நாளும் நிக்கல. இம்புட்டு நாளும் தெறந்து பாத்துக்கிட்டுதேன் இருந்திருக்காக. உங்களுக்கு மட்டுந்தேன் வரல. ஏண்ணே, ஒருக்கா கீழ எறங்கிப் போயிக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே."

அருண்பாண்டி டீ குடிக்கக் கீழே போனான். அழகுமலை ஃபோல்டரைத் திறந்தான். ரெஃப்ரெஷ் செய்யவில்லை. செய்யாமலே தெரிந்தது.

EPPONGA.

எப்போங்க. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டெழுத்துகூட இல்லை, ஓர் எழுத்து மிச்சம் வைத்திருக்கிறாள். சரி என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை. எப்போது என்று கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் தாண்டி நேராகத் தேதிக்குப் போய்விட்டாள். எத்தனை நாளாக இது இங்கே காத்திருக்கிறது? தேதி மாறாத ஃபைல் எதையும் சொல்லவில்லை. படிக்கட்டில் அவள் நின்ற அந்த ஒரு படி இப்போது அவனுக்கு விளங்கியது. விளங்கிவிட்டதாக நினைத்தான்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான். ஷெட்டில் அவளுடைய நாற்காலியில் ஒரிசாப் பையன் ஒருவன் உட்கார்ந்து ஃபிளாப்பியை மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்து, என்ன வேண்டுமென்று ஹிந்தியில், "கியா சாஹியே?" என்றான்.

மயில்சாமிதான் சொன்னார். "அந்தப் புள்ள புதங்கிழமையே போயிருச்சப்பா. அவிங்கண்ணன் வந்து நின்னான், இனி ஹாஸ்டல்லயெல்லாம் இருக்க வேண்டாமுன்னு கூட்டிட்டுப் போயிட்டான். காங்கேயத்துல ஏதோ எண்ணெய் மில்லுல கணக்குப் பாக்கறதுக்கு எடம் சொல்லியிருக்குதாம். நல்ல வேலக்காரப் புள்ள. இந்தப் பையனுக்கு நானு ஹிந்தில சொல்லி முடிக்கறதுக்குள்ள நோம்பி வந்துரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அழகுமலை காங்கேயத்துக்குப் பஸ் ஏறினான். இறங்கி நடந்தான். சாலையின் இரண்டு பக்கமும் களங்களில் உடைத்த தேங்காய்கள் வெள்ளை வெள்ளையாக வானத்தைப் பார்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. மில்லுக்கு மில் அடுத்தடுத்து நின்றது. ஞாயிறென்பதால் கதவுகள் பூட்டியிருந்தன. ஒரு வாட்ச்மேன் "யாரப் பாக்கோணும்?" என்று கேட்டார். "சும்மாங்க" என்று சொன்னான். பெயரைச் சொல்லிக் கேட்டால், கேட்பது யார் என்று அவர் கேட்பார். ஒரு கடையில் சோடா குடித்தான். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

வந்ததும் அந்த ஃபைலின் பெயரை THAIYILA என்று மாற்றினான். தை மாதத்தில். எப்போது என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் விடுவது முறையல்ல என்று தோன்றியது. கீழே பரணைத் திறக்கிறவனுக்கு அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. தை வந்தது, போனது. அது அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு அழகுமலை அதிகம் மாறிவிடவில்லை. வேலை செய்தான். பூனை, பந்து, நட்சத்திரம் போட்டான். புது ஆபரேட்டர்கள் வந்தார்கள், போனார்கள். சாம்பிள் சரியாக வந்தால் OK என்று மாற்றி வைத்தார்கள். காலையில் ரெஃப்ரெஷ் செய்வதை மட்டும் அவன் நிறுத்திவிட்டான். தான் பதில் சொல்லாததால் அவள் மனம் விட்டுப் போய்விட்டாள், அதனால்தான் அண்ணன் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டாள் என்று தனக்குள் முடிவு செய்திருந்தான். அந்த முடிவில் வலி இருந்தது. ஆனாலும் ஒருத்தி தனக்காகச் சில நாள் காத்திருந்தாள் என்பதும் அதற்குள் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் அந்த நாட்களைக் கழித்தான். அடுத்த ஆவணியில் மைதிலிக்கு மறு கல்யாணம் ஆனது. மயில்சாமியும் அவர் மனைவி சென்னம்மாளும் வெள்ளகோவில் போய்விட்டு வந்தார்கள். தாம்பூலப் பையில் இருந்த வாழைப்பழத்தில் ஒன்றைச் சென்னம்மாள் மாடிக்குக் கொடுத்து அனுப்பினாள். அவன் அதைச் சாப்பிட்டான்.

வெளிநாட்டில் ஏதோ பாங்குகள் மூழ்கியதற்குத் திருப்பூரில் ஆர்டர் குறைந்தது. மயில்சாமி தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு மெஷினை விற்றார். ஷெட்டை வாடகைக்கு விடப் போவதாகவும், மாடி அறையும் அதோடு சேரும் என்றும் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். அழகுமலை பெருமாநல்லூர்ப் பக்கம் ஓர் இடம் பார்த்துக்கொண்டான்.

அவன் கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தபோது சென்னம்மாள் டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் பார்த்தாள்.

"ஏந்தம்பி, கேக்கப்படாதுன்னுதான் இருந்தேன். போறயே, அதுனால கேக்கறேன். தப்பா நெனச்சுக்காத. அந்தக் கல்யாணம் நின்னு போச்சாக்கு?"

"எந்தக் கல்யாணங்கக்கா?"

"உன்ற கல்யாணந்தான். மைதிலி புள்ள சொல்லுச்சே. இடி உளுந்த மறுநாளு, தண்ணி குடிக்க ஊட்டுக்குள்ள வந்தப்ப. 'அக்கா, மேல இருக்கறவருக்குக் கல்யாணமுங்களாமா, எழுதிப் போட்டிருக்கறாருங்க'ன்னு. 'எப்போங்கன்னு கேட்டிருக்கறேன், பதிலே வல்லீங்க'ன்னு தெனமும் வந்து சொல்லுச்சு. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டு, பொண்ணு எந்தூருங்கக்கான்னு கேட்டுது. நானென்னத்தக் கண்டேன்? அவிங்க ஊருப் பக்கத்துப் புள்ளையாத்தான் இருக்குமாட்ட இருக்குதுன்னு சொன்னேன். ஆமாங்க, அப்படித்தான் இருக்குமுங்கன்னு சொல்லிப்போட்டு, டம்ளரக் கழுவி வெச்சுட்டுப் போச்சு."